சுக்கான் இல்லாத ஆறு நாள்: கேப்டன் ஜார்ஜ் மூடீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் கிரீன்விச்சில் நிற்கும் ‘கட்டி சார்க்’ கப்பலைப் பற்றி நண்பர்களிடம் பேச ஆரம்பித்தால், கேள்விகள் கப்பலைச் சுற்றியே வரும். எவ்வளவு வேகம், எத்தனை பாய், எந்த வருஷம் என்று. அதன் முதல் கேப்டனைப் பற்றிச் சொன்ன பிறகுதான் பேச்சு சூடு பிடிக்கும். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெயரைப் பற்றி ஒரு சொல்: ‘மூடி’ என்று குறிலில் எழுதினால் வேறு பொருள் வந்து குழப்புகிறது. அதனால் மூடீ என்றே எழுதுகிறேன்.

யார் இந்த ஜார்ஜ் மூடீ?

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஃபைஃப் பகுதிக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தேயிலையை லண்டனுக்குக் கொண்டு வந்த பாய்மரக் கப்பல்களில் வேலை பார்த்தவர். 1869-இல் கட்டி சார்க் கட்டப்பட்டபோது மேற்பார்வை பார்த்தார். 1870 முதல் 1872 வரை அதன் கேப்டனாக மூன்று தேயிலைப் பயணங்கள் போனார். மூன்றாவது பயணத்தில் நடுக்கடலில் சுக்கான், அதாவது கப்பலைத் திருப்பும் பின்பக்கப் பலகை, பிய்ந்து போனது. எந்தத் துறைமுகத்துக்குள்ளும் போகாமல், கப்பலிலேயே புதுச் சுக்கான் செய்து மாட்டி லண்டன் வந்து சேர்ந்தார். வந்த கையோடு வேலையை விட்டார்.

அந்த மூன்றாவது பயணம் தெர்மாப்பிலே என்ற கப்பலோடு நடந்த போட்டி. அதில் அவர் ஜெயிக்கவில்லை. ஆனாலும் கப்பல் பிரியர்கள் பலரும், நானும்தான், ஜெயித்தவரை விட்டுவிட்டு இவரைப் பற்றித்தான் பேசுகிறோம்.

கிளிப்பர் என்பது என்ன வகைக் கப்பல்?

சரக்கை விட வேகத்துக்கு முதலிடம் கொடுத்துக் கட்டிய பாய்மரக் கப்பல். உடல் ஒடுங்கி நீளமாக இருக்கும். அணியம், அதாவது முன்பக்கம், கத்தி போலக் கூர்மையாகத் தண்ணீரை வெட்டும். மூன்று பாய்மரங்களிலும் அடுக்கடுக்காகப் பாய்கள். கட்டி சார்க்கின் நீளம் 212 அடி, அகலம் 36 அடி. எல்லாப் பாய்களையும் விரித்தால் 32,000 சதுர அடி. இந்த அகலத்துக்கு அது அசாத்தியமான பரப்பு. காற்று பலமாக அடிக்கும்போது எந்தப் பாயை எப்போது இறக்குவது என்று அரை மணி நேரம் தவறாகக் கணித்தாலும் மரம் முறிந்துவிடும். கேப்டனின் திறமை என்பது பெரும்பாலும் இந்தக் கணிப்புதான்.

உடம்பு இரண்டு பொருளால் ஆனது: உள்ளே இரும்புச் சட்டகம், வெளியே மரப்பலகை. முழுக்க இரும்பில் கட்டினால் அடிப்பக்கத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறையும். அதைத் தடுக்கச் செம்புத் தகடு அடிக்கலாம் என்றால், கடல்நீரில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு அரித்துப் போகும். மரப்பலகையின் மேல் தகடு அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. அதனால் செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் நிறத் தகட்டை அடிப்பாகம் முழுக்கப் போர்த்தினார்கள்.

தேயிலைக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

வருஷத்தின் முதல் பறிப்புத் தேயிலை லண்டன் சந்தைக்கு முதலில் வந்தால் நல்ல விலை போகும். அதனால் முதலில் வரும் கப்பலுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. லண்டன்காரர்கள் இதை ஒரு பந்தயமாகவே பார்த்தார்கள்.

1866-இல் நடந்த போட்டியைச் சொன்னால் அந்தக் காலத்துச் சூடு புரியும். சீனாவின் ஃபூச்சோ அருகே மின் ஆற்றின் முகத்துவாரத்தை மே 30-ஆம் தேதி ஏரியல், டேப்பிங், செரிகா என்ற மூன்று கப்பல்கள் ஒன்றாகத் தாண்டின. 99 நாள் கழித்து, செப்டம்பர் 6 இரவு, மூன்றுமே லண்டன் துறைகளுக்குள் நுழைந்தன. டேப்பிங்குக்கும் ஏரியலுக்கும் இடையே அரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. பாதி உலகத்தைச் சுற்றி வந்து அரை மணி நேரம்! கடைசியில் இரண்டு கப்பல்களும் பரிசுப் பணத்தைப் பகிர்ந்துகொண்டன. ஏரியலின் கேப்டன் ஜான் கீ, ஃபைஃப் கரையில் உள்ள ஆன்ஸ்ட்ருதர் ஊர்க்காரர். டேப்பிங்கின் கேப்டன் டொனால்ட் மக்கின்னன், மேற்கே டைரீ தீவுக்காரர். இருவருமே ஸ்காட்லாந்துக்காரர்கள்.

இத்தனை கேப்டன்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது எப்படி?

கரையோர வாழ்க்கைதான் முதல் காரணம். ஃபைஃப் கரை நெடுக மீன்பிடி ஊர்கள். கடல் பயம் தெளிந்த பையன்கள் அங்கே நிறைய. இரண்டாவது, கப்பல் கட்டும் தொழில். கிளைடு ஆற்றங்கரையில் கிரீனக், டம்பார்ட்டன், கிளாஸ்கோ, வடகிழக்கே அபர்டீன் என்று மிகச் சிறந்த கிளிப்பர்கள் அங்கேதான் உருவாயின. ஏரியல், டேப்பிங், செரிகா மூன்றுமே கிரீனக்கில் ஒரே பட்டறையில் பிறந்தவை. மூன்றாவது, முதலாளிகளில் பலரும் அதே கரைக்காரர்கள். ஊர்க்காரன் ஊர்க்காரனைக் கைதூக்கி விடுவது எங்கும் உள்ளதுதானே.

கேப்டன் ஆவதற்கு மூடீ என்ன வழியில் வந்தார்?

மாலுமியாகச் சேர்ந்து, மேட் எனப்படும் துணை அதிகாரியாகி, அப்புறம் கேப்டன் ஆவதுதான் அன்றைய வழி. 1850-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வெளிநாடு போகும் பிரிட்டிஷ் கப்பலில் மேட்டாகவோ கேப்டனாகவோ இருக்க அரசின் சான்றிதழ் வேண்டும். கடலில் போட்ட காலத்துக்கும் கணக்கு, தேர்வுக்கும் கணக்கு. நண்பகலில் செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகை கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். குரோனோமீட்டர் காட்டும் நேரத்தை வைத்துத் தீர்க்கரேகை கணக்கிடத் தெரிய வேண்டும்.

மூடீயை உருவாக்கியது ‘ட்வீட்’ என்ற கப்பல். லண்டன் கப்பல் முதலாளி ஜான் வில்லிஸுக்குச் சொந்தமானது. எப்போதும் வெள்ளைத் தொப்பி போடுவதால் ‘வெள்ளைத் தொப்பி வில்லிஸ்’ என்றே அவருக்குப் பெயர். ட்வீட்டின் கேப்டன் வில்லியம் ஸ்டூவர்ட், வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் ஊர்க்காரர், வேகத்துக்குப் பேர்போனவர். அவருக்குக் கீழே மேட்டாக இருந்தார் மூடீ. ஸ்டூவர்ட்டிடம் வேலை பார்ப்பது சாதாரணக் காரியம் இல்லை. பாய் இறக்கப்படுவதையே விரும்பாத ஆள் அவர். பல வருஷம் கழித்து லாக் எட்டிவ் என்ற கப்பலில் அவருக்குக் கீழே மூன்றாவது மேட்டாக இருந்த ஓர் இளைஞர், பிற்காலத்தில் எழுத்தாளரான ஜோசஃப் கான்ராட்.

அந்த ட்வீட் நம் நாட்டுக் கப்பல். பம்பாயில், வாடியா குடும்பத்தின் கைவண்ணத்தில், மலபார் தேக்கில் ‘பஞ்சாப்’ என்ற பெயரோடு கட்டப்பட்டது. 1854-இல் தண்ணீரில் இறங்கியபோது அது இந்தியக் கடற்படைக்கான, பக்கச் சக்கரம் வைத்த நீராவிப் போர்க்கப்பல். 1863-இல் அதை வாங்கிய வில்லிஸ், எந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பாய்மரக் கப்பலாக மாற்றினார். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவரே அசந்துபோனார். கட்டி சார்க்கை வடிவமைக்கும்போது ட்வீட்டின் அணியத்தை மனதில் வைத்துத்தான் வரையச் சொன்னார். கிரீன்விச்சில் நிற்கும் கப்பலுக்குள் பம்பாய்த் தச்சர்களின் கோடு கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் பெருமை.

கப்பல் கட்டும்போதே கேப்டன் அங்கே இருந்தாரா?

இருந்தார். டம்பார்ட்டனில் ஸ்காட் அண்ட் லின்ட்டன் என்ற புதிய நிறுவனத்துக்கு 1869 பிப்ரவரியில் ஒப்பந்தம் கொடுத்தார் வில்லிஸ். டன்னுக்கு 17 பவுண்டு, மொத்தம் 16,150 பவுண்டு. வில்லிஸின் சார்பில் வேலையைப் பார்வையிட வந்தவர் மூடீ. மரம், இரும்பு, ஆணி என்று எதிலும் குறை விடவில்லை. பட்டறைக்காரர்களோ பணமில்லாமல் திணறினார்கள். அவர்கள் பேசி ஒப்புக்கொண்ட விலைக்கு அந்தத் தரம் கட்டுப்படியாகாது. கப்பல் முடியும் முன்பே நிறுவனம் நொடித்துப்போனது. மிச்ச வேலையை அதே ஊரின் டென்னி நிறுவனம் முடித்துக் கொடுத்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஹெர்குலிஸ் லின்ட்டனை நினைத்து வருத்தமாக இருக்கும். இவ்வளவு அழகான கப்பலை வரைந்தவர், அதனாலேயே கடையை மூடினார். ஆனால் மூடீ பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் பலகைகளை நம்பித் தென்கடலுக்குள் போகப்போகிறவர் அவர்தான்.

1869 நவம்பர் 22-ஆம் தேதி கப்பல் கிளைடு பக்கத்துத் தண்ணீரில் இறங்கியது. பெயர் சூட்டியவர் மூடீயின் மனைவி.

‘கட்டி சார்க்’ என்றால் என்ன பொருள்?

ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘குட்டைச் சட்டை’. ராபர்ட் பர்ன்ஸின் கவிதை ஒன்றில் வருவது. டேம் என்ற குடியானவன் ராத்திரி குதிரையில் வீடு திரும்பும்போது சூனியக்காரிகள் ஆடுவதைப் பார்க்கிறான். அதில் நானி என்ற இளம்பெண் குட்டைச் சட்டையோடு ஆடுவதைப் பார்த்து மெய்மறந்து ‘பலே’ என்று கத்திவிடுகிறான். அவள் துரத்துகிறாள். ஓடும் தண்ணீரைச் சூனியக்காரிகளால் தாண்ட முடியாது என்பதால் அவன் பாலத்தை நோக்கிக் குதிரையை விரட்டுகிறான். தப்பித்துவிடுகிறான், ஆனால் குதிரையின் வால் நானியின் கையோடு போய்விடுகிறது. கப்பலின் முகப்புச் சிலையைப் பாருங்கள்: நீட்டிய இடது கையில் குதிரைவால் இருக்கும். தண்ணீரைத் தாண்ட முடியாதவளின் பேரை ஒரு கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள்!

சூயஸ் கால்வாய் அப்போதே வந்துவிட்டதா?

ஆமாம், இதுதான் இந்தக் கதையின் சோகம். கட்டி சார்க் தண்ணீரில் இறங்குவதற்கு ஐந்தே நாள் முன்பு, நவம்பர் 17-ஆம் தேதி, கால்வாய் திறக்கப்பட்டது. சீனாவுக்கும் லண்டனுக்கும் நடுவே 3,000 கடல்மைலுக்கு மேல் மிச்சம். ஆனால் அது நீராவிக் கப்பலுக்குத்தான். பாய்மரக் கப்பலைக் கால்வாயில் கட்டி இழுக்கக் காசு, செங்கடலில் காற்றும் தோதில்லை. பாய்மரங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். மூடீ பொறுப்பேற்றபோதே தேயிலைக் கிளிப்பர்களின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன.

முதல் பயணங்கள் எப்படிப் போயின?

நன்றாகவே போயின, பரபரப்பு இல்லை. 1870 பிப்ரவரியில் லண்டனிலிருந்து கிளம்பி ஷாங்காய் போனார். அங்கே ஏற்றியது 13 லட்சம் பவுண்டு தேயிலை, ஏறக்குறைய 590 டன். அக்டோபர் 13 அன்று லண்டன். திரும்பி வர 110 நாள். அடுத்த வருஷம் 107 நாள்.

ஆனால் வில்லிஸுக்கு மனசு ஆறவில்லை. அவருக்கு ஒரே ஓர் எதிரிக் கப்பல்தான் கண்ணில் நின்றது: அபர்டீனில் 1868-இல் கட்டப்பட்ட தெர்மாப்பிலே. தன் முதல் பயணத்திலேயே லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு 63 நாளில் போய் எல்லாரையும் வாய்பிளக்க வைத்த கப்பல் அது. அதை முந்துவதற்காகவே வில்லிஸ் கட்டி சார்க்கைக் கட்டினார் என்றால் மிகையில்லை.

1872 போட்டியில் என்னதான் நடந்தது?

அந்த ஜூன் மாதம் இரண்டு கப்பல்களும் ஷாங்காயில் ஒன்றாகத் தேயிலை ஏற்றின. ஒரே நாளில், 18-ஆம் தேதி, கிளம்பின. தெர்மாப்பிலேவின் கேப்டன் கெம்பால். இப்படி ஒரே இடம், ஒரே நாள், ஒரே சரக்கு என்று இந்த இரண்டு கப்பல்களுக்கும் நேருக்கு நேர் அமைந்த தேயிலைப் போட்டி இது ஒன்றுதான்.

சீனக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று எதிர்க்காற்று. ஒரு மாதம் கிட்டத்தட்ட முட்டி மோதித்தான் கீழே வர வேண்டும். ஒன்றை ஒன்று அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தன. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே சுந்தா நீரிணையைத் தாண்டும்போது தெர்மாப்பிலே ஒரு எட்டு முன்னால். அப்புறம் இந்தியப் பெருங்கடல் திறந்தது, தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. அங்கேதான் கட்டி சார்க் யார் என்று காட்டியது. ஒரு நாளைக்கு 300 கடல்மைலுக்கு மேல் ஓடி, தெர்மாப்பிலேவை விடச் சுமார் 400 மைல் முன்னால் போய்விட்டது.

ஆகஸ்ட் 15. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், நன்னம்பிக்கை முனைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. சில நாளாகவே புயல். விடிகாலை ஆறரை மணிக்கு ஒரு பெரிய அலை பின்பக்கம் அறைந்தது. சுக்கான் அப்படியே பிய்ந்து கடலோடு போய்விட்டது.

சுக்கான் இல்லாத கப்பல் என்றால் சாலையில் ஸ்டியரிங் இல்லாத லாரி போல என்று நினைக்கலாம். அதை விட மோசம். லாரியை நிறுத்த முடியும். கப்பல் காற்றுக்குக் குறுக்கே திரும்பி, விலா முழுவதையும் அலைக்குக் காட்டிக்கொண்டு உருளும். முதலில் ஒரு மரத்தைப் பின்பக்கம் தொங்கவிட்டுத் திசை திருப்பப் பார்த்தார்கள். கப்பல் கேட்கவில்லை. புதுச் சுக்கான்தான் வழி.

நடுக்கடலில் சுக்கான் எப்படிச் செய்தார்கள்?

மாற்றுக்கென்று வைத்திருந்த பெரிய மரத்துண்டு ஒன்று, சுமார் 70 அடி நீளம், இருந்தது. அதை வெட்டிச் சேர்த்துச் சுக்கானும், அதை மாட்டுவதற்கான பின்தூணும் செய்வது என்று முடிவு. வேலையை எடுத்துக்கொண்டவர் கப்பல் தச்சர் ஹென்றி ஹென்டர்சன். அவருக்குத் துணையாக இரண்டு பேர் கிடைத்தார்கள், அதுவும் எதிர்பாராத இடத்திலிருந்து. டிக்கெட் இல்லாமல் ஒளிந்து ஏறி வந்தவர்கள். ஒருவர் இங்கிலாந்துக்காரர், கப்பல் தச்சுத் தெரிந்தவர். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், கொல்லர். திருட்டுப் பயணத்துக்காகத் திட்டு வாங்க வேண்டிய இருவர், அந்த வாரம் கப்பலுக்குத் தேவையான ஆள்கள் ஆகிவிட்டார்கள்.

மரத்தை இணைக்க இரும்புப் பட்டைகளும் வளைய ஆணிகளும் வேண்டும். அதற்கு உலை வேண்டும். மேல்தளத்திலேயே உலை மூட்டினார்கள். கப்பலில் கிடைத்த இரும்புக் கம்பிகளைக் காய்ச்சி அடித்தார்கள். துருத்தி ஊதியவர் மூடீயின் மகன், அதே கப்பலில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தளம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்கிறது. தண்ணீர் காலடியில் ஏறி இறங்குகிறது. செக்கச்செவேல் என்ற கம்பியை ஒருவர் இடுக்கியில் பிடித்திருக்க, இன்னொருவர் சம்மட்டியை ஓங்கி, தளம் ஒரு கணம் மட்டமாகும் வரை காத்திருந்து அடிக்க வேண்டும். அப்போது ஓர் அலை வந்து கப்பலைத் தூக்கிப் போட்டது. உலை கவிழ்ந்தது. எரியும் கரி துருத்திக்காரப் பையனின் நெஞ்சில் கொட்டியது. பெற்ற மகன் கண் முன்னால் வெந்து துடிக்க, அப்பாவாகவும் கேப்டனாகவும் அந்த நிமிஷம் மூடீ எப்படி நின்றாரோ! வேலை நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும். உலையை நிமிர்த்தி மறுபடி மூட்டினார்கள்.

சுக்கான் செய்து முடித்தாலும் பாதி வேலைதான். அதைக் கப்பலின் அமரத்தில், அதாவது பின்பக்கம், தண்ணீருக்கு அடியில் மாட்ட வேண்டும். கயிறும் சங்கிலியும் கட்டிக் கடலில் இறக்கி, ஏறி இறங்கும் கப்பலோடு பொருத்தி, இரு பக்கமும் சங்கிலியால் இழுத்து நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஆறு நாள் ஆனது. அப்புறம் அட்லான்டிக்கில் அது ஒருமுறை விட்டுப்போக, மறுபடி தூக்கிச் சரிசெய்து மாட்டினார்கள்.

பக்கத்துத் துறைமுகத்துக்குப் போயிருந்தால் சுலபமாக முடிந்திருக்குமே?

இதைத்தான் கப்பலில் இருந்த இன்னொருவரும் கேட்டார். ராபர்ட் வில்லிஸ், முதலாளியின் தம்பி, கப்பலில் பங்கும் உள்ளவர். பயணியாக வந்திருந்தார். ஏதாவது தென்னாப்பிரிக்கத் துறைமுகத்தில் ஒதுங்கு என்று வற்புறுத்தினார். மூடீ மறுத்தார். எல்லாருக்கும் முன்னால் வாய்ச்சண்டை முற்றியது.

ராபர்ட் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. அவர் பணமும் உயிரும் அந்தக் கப்பலில். ஆனால் சுக்கானே இல்லாமல், புயல் நேரத்தில், பாறையும் ஆழமில்லா இடமும் உள்ள கரையை நெருங்குவது நடுக்கடலில் நிற்பதை விட ஆபத்து. கரைக்குப் போவதற்கே சுக்கான் வேண்டும். அது செய்து மாட்டிய பிறகு, ஓடும் கப்பலை எதற்காகத் துறைமுகத்தில் கட்டிப்போடுவது? கடலில் கேப்டன் சொல்தான் கடைசிச் சொல். முதலாளி வீட்டு ஆளே எதிரில் நின்று கத்தும்போதும் அதில் உறுதியாக நிற்க நெஞ்சுரம் வேண்டும். என் கணக்கில் மூடீ செய்தது சரி.

கடைசியில் யார் ஜெயித்தது?

தெர்மாப்பிலே. அக்டோபர் 11 அன்று 115 நாளில் இங்கிலாந்துக் கரை வந்தது. கட்டி சார்க் ஒரு வாரம் கழித்து, 18-ஆம் தேதி, 122 நாளில். சுக்கான் தொங்கலாக மாட்டப்பட்டது என்பதால் அதன் பிறகு முழுப்பாயும் விரித்து ஓட்ட முடியவில்லை. சுக்கான் வேலைக்கு நின்ற ஆறு நாளையும், அதற்குப் பிறகு வேகத்தை அடக்கி வந்த இரண்டு மாதத்தையும் நினைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஏழு நாள்தான். லண்டனில் கடல் தெரிந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். அந்த வருஷம் புகழ் முழுக்கத் தோற்ற கப்பலுக்குத்தான்.

தச்சர் ஹென்டர்சனுக்கு வில்லிஸ் 50 பவுண்டு பரிசு கொடுத்தார். ஒரு கப்பல் தச்சருக்கு அது பெரிய தொகை.

பிறகு ஏன் மூடீ வேலையை விட்டார்?

ராபர்ட் வில்லிஸோடு நடந்த சண்டை அவர் மனதை விட்டுப் போகவில்லை. கப்பலைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர், அதே கப்பலில் முதலாளி வீட்டு ஆளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். கரை இறங்கியதும் ராஜினாமா செய்துவிட்டு நீராவிக் கப்பல் வேலைக்குப் போனார். மறுபடி கட்டி சார்க்கை அவர் ஓட்டவில்லை. தான் பலகை பலகையாகப் பார்த்துக் கட்டி, மனைவி பேர் வைத்து, மகன் நெஞ்சில் தழும்பு வாங்கிய கப்பல் அது.

அவருக்குப் பின் வந்தவர்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மூர், அடுத்து டிப்டாஃப்ட். டிப்டாஃப்ட் 1878-இல் ஷாங்காயில் இறந்தார். அடுத்தவர் வாலஸ், நல்ல மனுஷன் என்று பேர் எடுத்தவர். 1880-இல் மேட் ஒருவர் மாலுமியை அடித்துக் கொன்ற விவகாரத்தில் அந்த மேட் தப்பிக்க உதவிவிட்டு, மனம் உடைந்து கடலில் குதித்துவிட்டார். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்காரரான ரிச்சர்ட் வுட்ஜெட் 1885-இல் வந்த பிறகுதான் கப்பலுக்கு நல்ல காலம். ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றி, தெர்மாப்பிலேவைப் பலமுறை முந்தினார். 1889 ஜூலையில் பிரிட்டானியா என்ற பயணிகள் நீராவிக் கப்பலையே ராத்திரியில் தாண்டிப் போனது கட்டி சார்க். அப்போது அதன் வேகம் மணிக்கு 17 கடல்மைல்.

நம் கரைக்கு இந்தக் கப்பல் வந்திருக்கிறதா?

மூடீ காலத்தில் அது சீனத் தேயிலைக் கப்பல். தேயிலைச் சரக்கு கிடைக்காமல் போன பிறகு எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியது. அப்படி 1880-களின் தொடக்கத்தில் சென்னைப் பக்கமும் வந்தது. இங்கிருந்து போன சரக்கில் வெல்லமும் கடுக்காயும் மான்கொம்பும் எருமைக்கொம்பும் இருந்தன. கடுக்காய் அங்கே தோல் பதனிடப் போயிற்று.

இன்று மூடீயின் கப்பலை எப்படிப் பார்ப்பது?

1895-இல் வில்லிஸ் அதைப் போர்ச்சுகீசியருக்கு விற்றார். 1922-இல் வில்ஃப்ரட் டௌமன் என்ற கேப்டன் தேடி வாங்கி இங்கிலாந்துக்கு மீட்டு வந்தார். 1954-இல் கிரீன்விச்சின் உலர்துறைக்குள் வைத்தார்கள். 2007 மே மாதம் தீப்பிடித்தது. சீரமைப்புக்காகப் பாய்மரங்களும் பலகைகளில் பாதியும் முன்பே கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்ததால் தப்பின. 2012-இல் மறுபடி திறந்தார்கள்.

இப்போது கப்பலைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் நடந்து போகலாம். மஞ்சள் தகடு தலைக்கு மேலே மின்னும். எல்லாரும் அணியத்தின் கீழே நின்று படம் எடுப்பார்கள், அது அழகுதான். நீங்கள் போனால் மறுமுனைக்கும் நடந்து போங்கள். அமரத்தில் சுக்கான் தொங்கும், ஒரு வீட்டு வாசற்கதவை விடப் பல மடங்கு உயரம். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, தளம் உருண்டு கொண்டிருக்க, அலை அடித்துக்கொண்டிருக்க, இப்படி ஒன்றைக் கையால் செய்து அந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் அங்கே போனபோது அரை மணி நேரத்துக்கு மேல் நகரவே இல்லை.